தொழிற்பயிற்சி எங்கே திருந்த வேண்டும்? வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடஆற்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் வழி மாறவில்லை. ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனிகள், அரக்கோணம், அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர். ராணிப்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் (இரும்பை வெட்டி, வெல்ட் செய்து பொருளாக்கும் பட்டறையில்) வெல்டர்களைத் தேர்வு செய்வதும், புதிதாக வருகிறவர்களுக்குக் கை பழக்குவதும் என் வேலை. பெற்றோர், மாணவர்கள், சின்ன கம்பெனி நடத்துகிறவர்கள், கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் என்று பலர் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வெல்டிங் உதாரணம் அதிகம் வரும். எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில் அதுதான்.

ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்த பிள்ளைக்கு வேலை தெரியவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் அதற்குப் பிள்ளையைக் குறை சொல்வது நியாயமில்லை.

வெல்டர் ட்ரேடையே (தொழில் பிரிவையே) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் நிறைய பேர். 3.15 எம்.எம். வெல்டிங் ராடு ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஆர்க் நீளம் மாறாமல் பார்க்க வேண்டும், ராடின் சாய்வு மாறக் கூடாது, உருகிய இரும்புக்கு முன்னால் ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி வரும் கசடு) ஓடிவரக் கூடாது. இதைப் போர்டில் எழுதிப் போட்டால் எல்லோருக்கும் புரியும். கைக்குப் புரிய வேண்டுமானால் பாக்கெட் பாக்கெட்டாக ராடு எரிய வேண்டும். பல இடங்களில் ராடை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். மிச்ச நேரம் முழுக்க அடுத்தவன் வெல்ட் அடிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும், ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதுமாகப் போகிறது. வெட்டிய பிளேட்டின் மேலேயே திரும்பத் திரும்ப அடித்து, அது மேடாகிப் போன பிறகும் அதே பிளேட்தான்.

எங்களிடம் சேர வருகிறவனிடம் நான் கேள்வி எதுவும் கேட்பதில்லை. இரண்டு பிளேட்டை 'T' வடிவ ஜாயிண்ட்டாக வைத்து ஒரு பக்கம் மட்டும் ஃபில்லெட் (மூலை வெல்ட்) அடிக்கச் சொல்வேன். ஆறியதும் வைஸில் மாட்டி, வெல்ட் இருக்கிற பக்கத்துக்கு மடங்கும்படி சம்மட்டியால் அடித்து உடைப்போம். மேலே பார்க்க அழகாக மீன் செதில் மாதிரி இருக்கும். உடைத்தால் மூலையில், வேர் இருக்க வேண்டிய இடத்தில், கருப்பாக ஸ்லாக் நீளமாகப் படுத்திருக்கும். இரும்பு அடிவரை போய்ச் சேர்ந்தே இருக்காது. பையன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற போது முகம் மாறும். "இப்படி உடைச்சுப் பார்த்ததே இல்ல சார்" என்பான். இந்தச் சோதனைக்கு எக்ஸ்ரே வேண்டாம், லேப் வேண்டாம். ஒரு வைஸும் சம்மட்டியும் போதும். பயிற்சிக் காலத்திலேயே வாரம் ஒரு தடவை இதைச் செய்திருந்தால், தன் தவறு தனக்கே தெரிந்து அவனே திருத்திக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருக்கிறது. மின்நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் பெரிய கருவிகள், ஏர் ப்ரீஹீட்டர், ஃபேன் எல்லாம் அங்கே செய்கிறார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஷெட்கள் ஏராளம். இந்த மாதிரி வேலையில் 7018 என்ற வகை ராடு இல்லாமல் நகராது. அந்த ராடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு, அப்புறம் சூடு ஆறாமல் வைத்திருந்துதான் எடுக்க வேண்டும். ஈர ராடில் அடித்த வெல்ட் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து உள்ளே விரிசல் விடும். சாதாரண வேலைக்கான 6013 ராடை மட்டுமே பிடித்துப் பழகி வருகிறவனுக்கு ராடைச் சுட வேண்டும் என்பதே செய்தி. ராடு அடுப்பைப் பார்க்காமலேயே ஒருவன் வெல்டர் என்று சர்டிபிகேட் வாங்கிவிட முடிகிறது. திருத்தம் இங்கே இருந்து தொடங்க வேண்டும்.

அரசு கோடிக்கணக்கில் செலவு செய்து ஐ.டி.ஐ.களை மாற்றியிருக்கிறதே. அது போதாதா?

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றப்பட்டன. சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு மெஷின்), ரோபோ, மின்சார வாகனப் பராமரிப்பு என்று நம் பிள்ளைகள் கனவிலும் பார்க்காத மெஷின்கள் வந்தன. இதை மனதார வரவேற்கிறேன். கிராமத்திலிருந்து வருகிற பையன் ரோபோ கையை இயக்கிப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை.

என் கவலை மூன்றாம் வருஷம், ஐந்தாம் வருஷம் பற்றியது. மெஷினுக்கும் கட்டடத்துக்கும் ஒரு தடவை பணம் ஒதுக்கினால் வேலை முடிந்தது. கட்டிங் டூல், கூலன்ட், ராடு, பிளேட், கேஸ் சிலிண்டர், சர்வீஸ் ஒப்பந்தம் எல்லாம் வருஷா வருஷம் வேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது அந்தக் கணக்கில்தான். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெளிநாட்டு உதவியில் வந்த மெஷின்கள் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட் கிடைக்காமல் உறை போட்டு நிற்பது தொழிற்கல்வித் துறையில் பழைய கதை.

ஒரு மெஷின் வாங்கும்போதே அதை ஐந்து வருஷம் ஓட்டத் தேவையான பொருள்செலவையும் சேர்த்தே ஒதுக்கி, அந்தப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். பயிற்சி நிலையத்தின் தரத்தை அளக்க நூறு அளவுகோல் சொல்கிறார்கள். ஒரு பயிற்சி மாணவர் வருஷத்துக்கு எத்தனை கிலோ ராடு எரித்தார், எத்தனை கிலோ இரும்பு வெட்டினார் என்ற ஒரு கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னால், பாதி நிலையங்களின் நிலைமை வெளியே தெரிந்துவிடும்.

நல்ல இன்ஸ்ட்ரக்டர் கிடைப்பதில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மெஷினைவிடப் பெரிய பிரச்சினை இதுதான். இன்ஸ்ட்ரக்டர் ஆவதற்கு ஒரு வருஷப் பயிற்சி இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் அதைப் படிக்கலாம். பாடம் நடத்தும் முறையை அங்கே நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, சர்வீஸில் சேர்ந்தவர் அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒரு ஷெட்டுக்குள்ளும் கால் வைக்க வேண்டியதில்லை என்ற நிலை இருக்கிறது. தொழில் நகர்ந்துகொண்டே இருக்கும்போது அவர் சேர்ந்த வருஷத்திலேயே நின்றுவிடுகிறார். ஒரு சிலர் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், எந்த சார் கை என்று.

இரண்டு வழி சொல்வேன். ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மாதம் அவரைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பார்வையாளராக அனுப்பினால் பயனில்லை, ஷிப்டில் நின்று வேலை செய்ய வேண்டும். சம்பளம் அரசு கொடுக்கட்டும், இடம் கம்பெனி கொடுக்கட்டும். இரண்டாவது, ஷெட்டில் இருக்கிற மேஸ்திரியை வகுப்புக்கு அழைத்துவர வேண்டும். பைப் வெல்டிங்கில் 45 டிகிரி சாய்த்து வைத்த பைப்பைச் சுற்றி ஒரே சீராக ரூட் ரன் (அடியில் போடும் முதல் வெல்ட்) போடுகிறவர் எங்கள் பக்கம் நிறைய பேர். எட்டாவது தாண்டாதவர்களும் அதில் உண்டு. கௌரவ ஆசிரியர் என்று அழைக்க விதி இடம் கொடுப்பதில்லை, கல்வித் தகுதி இல்லை என்று கோப்பு திரும்பி வருகிறது. அந்த விதியை மாற்றினால் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் பயிற்சி உயரும்.

ஜெர்மனி முறையை அப்படியே கொண்டுவரலாமே?

ஜெர்மனியில் பையன் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில், மிச்ச நாள் தொழிற்பள்ளியில். உதவித்தொகையைக் கம்பெனி கொடுக்கிறது. இறுதித் தேர்வைத் தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. 1969-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் கைவினைச் சங்கங்கள் பல நூறு வருஷமாகப் பழக்கிய பழக்கத்தின் மேல்தான் அந்தச் சட்டம் நிற்கிறது. நம் நாட்டிலும் 2016 முதல் இரட்டைப் பயிற்சி முறை என்று ஐ.டி.ஐ.யில் உண்டு. பெரிய கம்பெனி பக்கத்தில் இருக்கிற இடத்தில் நன்றாக நடக்கிறது. பத்துப் பேர் வேலை செய்கிற ஷெட்டில் யார் நின்று சொல்லித்தருவது? டெலிவரி தேதி நெருங்கினால் பையன் கையில் கிரைண்டரைக் கொடுத்து ஓரம் தேய்க்கச் சொல்வார்கள். கம்பெனியில் இருக்கிற மாதம் முழுக்க அதிலேயே ஓடிப்போகும்.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது பிரேசில் வழி. 1942-ல் அங்கே செனாய் என்ற அமைப்பைத் தொடங்கி, தொழிற்சாலைகளின் சம்பளப் பட்டியலில் 1 சதவீதத்தை அதற்கென்று வசூலித்தார்கள். அதைத் தொழிலதிபர்கள் கூட்டமைப்பே நடத்துகிறது. தங்கள் பணம் என்பதால் கம்பெனிகள் கேள்வி கேட்கின்றன. கேள்வி கேட்பதால் பாடம் காலத்துக்கேற்ப மாறுகிறது. ராணிப்பேட்டையில் உள்ள ஷெட்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பயிற்சிப் பட்டறை வைத்தால், தனியாக யாராலும் முடியாதது கூட்டாக முடியும். "நான் பழக்கினவனைப் பக்கத்து ஷெட்காரன் இருநூறு ரூபாய் கூடக் கொடுத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடறான்" என்ற புகாருக்கும் இதுதான் மருந்து. எல்லோரும் பணம் போட்டிருந்தால் யார் கூட்டிக்கொண்டு போனாலும் நஷ்டமில்லை. தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்களைக் கூட்டாக நடத்தத் தெரிந்த ஊர்கள் இவை. பயிற்சிக்கும் கூடலாம்.

அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) என்று சேர்த்துக்கொண்டு குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறார்களே?

அப்படி நடக்கிற இடமும் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டோம். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் இன்றைய விதிப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை இருந்தால் விரும்பினால் எடுக்கலாம். குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. அதில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-ல் வந்தது.

ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் (இணையதளத்தில்) பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு இல்லாமல் வாய்மொழியாக "அப்ரண்டிஸ்தான்" என்றால் அது அப்ரண்டிஸ் இல்லை. அடுத்தது, எந்த மாதம் எந்த மெஷினில் என்று கம்பெனியிடம் எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டவணை இல்லாத இடத்தில் வருஷம் முடியும்போது பையன் எந்த மூலையில் நிற்க வைத்தார்களோ அந்த மூலையில்தான் இருப்பான்.

ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் பட்டறையிலேயே கற்றவர்களுக்கு என்ன வழி?

தொழிற்பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் மறந்துவிடுவது இவர்களைத்தான். உலகத்தில் வேலை செய்கிறவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ 200 கோடி பேர், அமைப்புசாராத வேலையில் இருப்பதாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்குச் சொன்னது. கானாவிலும் கென்யாவிலும் மெக்கானிக்கும் வெல்டரும் உருவாவது பெரும்பாலும் தெருவோரப் பட்டறையில், மூத்தவரின் கீழ் நின்றுதான். பெங்களூர் ஹைவே ஓரத்து லாரிப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு கணக்கு வரும். 19 முதல் 24 வயதுக்குள் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்று. 12-வது ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீடு அது. எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறார்கள். டீசல் இன்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த நம் ஊர்ப் பையன் இந்தக் கணக்கில் பயிற்சி பெறாதவன். கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

காகிதம் கொடுக்கிற நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். எழுத்தும் செய்முறையும் உண்டு. பள்ளிப் படிப்பை வைத்துத் தள்ளுவதில்லை. இதே மாதிரி வெல்டருக்கும் பிளம்பருக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கும் நேர்மையான தேர்வு வந்தால் எத்தனை பேர் கூலி உயரும்! முன்அனுபவத்தை அங்கீகரிக்கிற திட்டம் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆனால் சில மணி நேர வகுப்பும் ஒரு டி-சர்ட்டும் கொடுத்து அனுப்பும் முகாம்களால் யாருக்கும் கூலி கூடாது. வேலைக்கு எடுப்பவர் நம்புகிற தேர்வாக இருக்க வேண்டும். அப்படியானால் பையனை ஒரு நாள் முழுக்க வேலை செய்ய வைத்து, செய்ததை உடைத்துப் பார்க்க வேண்டும்.

ஐ.டி.ஐ. என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

இதில் வலியுள்ள ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார்கள். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் என்றதும் நம் பெற்றோருக்கு வருகிற தயக்கம் வெறும் அந்தஸ்துப் பெருமை மட்டுமில்லை. தங்கள் பிள்ளையைப் பழைய இடத்திலேயே கட்டிப்போடப் பார்க்கிறார்களோ என்ற பயம். தோல் தொழில் நடக்கும் எங்கள் பக்கத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

ஆகவே, தொழிற்பயிற்சி மேலே போகும் கதவோடு இருக்க வேண்டும். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். வேலூர் தந்தை பெரியார் அரசினர் பாலிடெக்னிக் மாதிரி இடங்களில் இப்படிச் சேர்ந்து, பிறகு பி.இ. வரை போனவர்கள் உண்டு. எந்தச் சாதிப் பிள்ளையும் எந்த ட்ரேடிலும் சேரலாம், சேர்ந்த இடத்திலிருந்து எங்கும் போகலாம் என்பது நடைமுறையில் தெரிந்தால் பேச்சு தானாக மாறும்.

சம்பளமும் மாற வேண்டும். 1965-லேயே ஃபிலிப் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் கானாவைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்: ஆபீஸ் வேலைக்கு நல்ல சம்பளம் கிடைக்கிறவரை, எத்தனை தொழிற்பள்ளி கட்டினாலும் பிள்ளைகள் ஆபீஸ் வேலையைத்தான் தேடுவார்கள், அது அவர்களின் அறியாமை இல்லை, சரியான கணக்கு. இன்றைக்கும் அதை மறுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெண்பிள்ளைகளை எந்த ட்ரேடில் சேர்க்கலாம்?

எல்லா ட்ரேடிலும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். மில்லிமீட்டர் பிசகாமல் வளைவில் தைக்கிற கைகள் அவை. அதே கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், பேட்டர்ன் போடுபவர், லைன் சூப்பர்வைசர் யார் என்று பாருங்கள், ஆண்கள் கூடிவிடுவார்கள். தையல் மெஷின் மெக்கானிக் வேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் சம்பளம் ஏறும், லைனும் நிற்காது.

சேர்க்கை குறைவதற்குக் காரணம் ஆர்வமின்மை என்று நான் நம்பவில்லை. பட்டறையில் பூட்டுள்ள கழிப்பறை இல்லை, மாலையில் பஸ் இல்லை, ஹாஸ்டல் தூரம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும் என்பது பல வீடுகளில் தெரியவில்லை. பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அப்படியே.

பாதுகாப்புப் பாடம் என்று தனியாக எதற்கு? வேலை கற்றால் அதுவும் வந்துவிடாதா?

வராது. வந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் அதிகம். அது கட்டுமானமும் மேற்பார்வையும் தவறியதால் நேர்ந்தது. பயிற்சியால் தடுத்திருக்க முடியும் என்று சொல்லி அந்தத் தொழிலாளர்கள் மேல் பழி போட முடியாது. ஆனால் பயிற்சியால் தடுக்கக்கூடிய சாவுகள் வேறு இருக்கின்றன.

தோலில் முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று ஒருவர் இறங்குகிறார், விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். தொட்டிச் சாவுகள் ஒன்றோடு நிற்காததற்குக் காரணம் இதுதான். முதலில் இந்த மாதிரித் தொட்டியில் மனிதரை இறக்குவதே நிற்க வேண்டும். பராமரிப்புக்கு இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாயு மீட்டர், காற்றோட்டம், மேலே கயிற்றோடு ஆள். எங்கள் மாவட்ட ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோருக்கும் இது முதல் வாரப் பாடமாக இருக்க வேண்டும். இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் இறங்குகிறவர்கள் இன்றைக்கு அவர்கள்தான்.

பாடம் தமிழிலா, ஆங்கிலத்திலா?

விளக்கம் தமிழில். கருவியின் பெயர் கடையில் கேட்கிற பெயரில். டிராயிங் படிக்க மட்டும் ஆங்கிலம் வேண்டியிருக்கும். அதை டிராயிங் வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம், தனி இங்கிலீஷ் வகுப்பு வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி சாத்தியமா?

வேலூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் பிழைப்பில்லை, வேலை கொடுப்பார் இல்லை என்று நோயாளிகள் திரும்பி வந்தபோது, 1950-களின் தொடக்கத்தில் புது வாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கித் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார். அவர்களுக்குக் கையில் உணர்ச்சி இல்லை. சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்றே தெரியாமல் தோல் கிழிந்துவிடும். அதனால் கருவிகளைக் கைக்கு ஏற்ப மாற்றினார்கள், தினமும் வேலை முடிந்ததும் கையைப் பரிசோதிப்பதை வழக்கமாக்கினார்கள். பிறகு 1955-ல் காட்பாடிக்கு அருகில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் வந்தது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மென்மையான ரப்பர் செருப்பு செய்யும் வேலை அங்கே வளர்ந்தது.

இந்த அனுபவம் எல்லாப் பயிற்சிக்கும் பொருந்தும். ஆளைப் பார்த்துக் கருவியை மாற்றினார்கள். செய்த பொருளை வாங்க ஆள் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஐ.டி.ஐ.யில் இட ஒதுக்கீடு இருக்கிறது. உயரம் மாற்றக்கூடிய ஒரு வொர்க் பெஞ்சும் ஒரு சாய்தளமும் எத்தனை இடத்தில் இருக்கிறது?

பனப்பாக்கத்தில் கார் கம்பெனி வருகிறதே, நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலைக்கு அங்கே அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு. கார் ஆலையில் பாடியை வெல்ட் செய்வது ரோபோ. ராடு பிடிக்கும் வெல்டரைவிட, ரோபோ நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும்: சென்சார், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), நியூமேட்டிக் லைன் (காற்றழுத்தக் குழாய்), மோட்டார் டிரைவ். எலக்ட்ரீஷியன், மெக்கட்ரானிக்ஸ் பக்கம் விருப்பமுள்ள பிள்ளைகள் இப்போதே போகலாம். இந்த ட்ரேடுகள் இரண்டு வருஷம். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு வகுப்பு ஆரம்பித்தால் வெளியூர் ஆட்கள் வந்து உட்கார்ந்த பின்தான் நம் பிள்ளைகள் வெளியே வருவார்கள். உள்ளூர் ஐ.டி.ஐ. முதல்வர்கள் கம்பெனியின் பயிற்சிப் பிரிவோடு உட்கார்ந்து பேசிப் பட்டியல் வாங்க வேண்டும். கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

மூன்று மாதக் குறுகியப் பயிற்சி பயன்படுமா?

ஒரே மெஷினில் ஒரே வேலை, வேலை தரும் கம்பெனியும் தெரியும் என்றால் பயன்படும். ஃபிட்டர் ஆகலாம், எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

நல்ல ஐ.டி.ஐ. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அங்கீகாரம் இருக்கிறதா, இறுதியில் தருவது தேசியத் தொழிற்சான்றிதழா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு சாதாரண நாளில், வகுப்பு நேரத்தில், சொல்லாமல் போய் நில்லுங்கள். ஆபீஸ் அறையில் உட்கார வேண்டாம். பட்டறைக்குப் பின்னால் போய்க் கழிவு இரும்புத் தொட்டியைப் பாருங்கள். வெட்டிய துண்டுகள், உடைத்த ஜாயிண்ட்கள், எரிந்த ராடுகளின் அடிக்கட்டை, லேத் சுருள்கள் நிரம்பியிருந்தால் அங்கே வேலை நடக்கிறது. தொட்டி சுத்தமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். வைஸின் தாடையில் தேய்மானம் இருக்கிறதா, அரத்தில் பல் இருக்கிறதா பாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளையிடம் "இந்த வாரம் என்ன ஜாப் செஞ்சே?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நல்லது. வருகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். பணம் போவது இருக்கட்டும், பிள்ளையின் இரண்டு வருஷம் போய்விடும்.

என் மகன் பத்தாவதில் தவறிவிட்டான். இனி என்ன வழி?

எட்டாவது தேறியிருந்தாலே வெல்டர், வயர்மேன் போன்ற ட்ரேடுகளில் சேரலாம். வெல்டர் ஒரு வருஷம், வயர்மேன் இரண்டு வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் உண்டு. எட்டாவதோடு இரண்டு வருஷ ட்ரேடு முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழும் வாங்கலாம். ஆகவே படிப்பைத் தொடர நினைத்தால் இரண்டு வருஷ ட்ரேடாகவே எடுங்கள். விண்ணப்பம் வழக்கமாகப் பத்தாம் வகுப்பு முடிவுகளை ஒட்டி ஆன்லைனில் திறக்கும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்கே நேரில் போனால் அங்கேயே பதிவு செய்து தருவார்கள். கலந்தாய்வுக்குப் பையனையும் அழைத்துப் போங்கள். ட்ரேடை அவன் சொல்லட்டும்.